கொழும்பு – சென்னை: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுநாயக்கவிலிருந்து சென்னை விமான நிலையம் எவ்வளவு தூரம்?

நேர்கோட்டில் சுமார் 645 கிலோமீற்றர். தரை மைலில் 400, விமானிகள் கணக்குப் பார்க்கும் கடல் மைலில் 348. டிக்கெட்டில் பயண நேரம் ஒரு மணி 20 நிமிடம் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை இருக்கும். உண்மையில் ஆகாயத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான்.

ஒரு தளத்தில் 645, இன்னொன்றில் 680. எது சரி?

இரண்டும் சரி, அளந்த இடம்தான் வேறு. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து சென்னை சென்ட்ரல் வரை நூல் பிடித்தால் 680 கி.மீ. வரும். கட்டுநாயக்க கொழும்புக்கு வடக்கே இருக்கிறது, மீனம்பாக்கம் சென்னை நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. அதாவது இரண்டு விமான நிலையங்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து நிற்கின்றன, அதில் 35 கி.மீ. குறைந்துவிடுகிறது. பயண நேரத்தைக் கணிக்க விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரையுள்ள எண்ணை மட்டும் எடுங்கள்.

இந்தத் தூரத்தை நாமே கணக்கிடலாமா?

தாளும் பேனாவும் போதும். அகலாங்கில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு, ஒரு கடல் மைலுக்குச் சமம். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

கட்டுநாயக்க 7 பாகை 11 கலை வடக்கு, 79 பாகை 53 கலை கிழக்கு. சென்னை 12 பாகை 59 கலை வடக்கு, 80 பாகை 10 கலை கிழக்கு. அகலாங்கு வித்தியாசம் 5 பாகை 48 கலை, அதாவது 348 கலை, அதாவது 348 கடல் மைல். நெட்டாங்கு வித்தியாசம் 17 கலை. நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால் இதை நடு அகலாங்கின் கொசைன் பெறுமானத்தால் பெருக்க வேண்டும். 10 பாகைக்கு அது 0.985, ஆகவே 17 ஏறக்குறைய 17 ஆகவே நிற்கிறது. பிறகு பள்ளிக்கூடத்துப் பைதகரசு: 348இன் வர்க்கத்தையும் 17இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 348.4. அதை 1.852ஆல் பெருக்க 645 கி.மீ.

இந்தக் குறுக்கு வழி சில நூறு கிலோமீற்றர்களுக்கு நன்றாக வேலை செய்யும். லண்டன், டொரன்டோ போன்ற தூரங்களுக்குச் சரிவராது, அங்கே பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் கோளத் திரிகோண கணிதம் வேண்டும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது: சென்னை கொழும்புக்கு ஏறக்குறைய நேர் வடக்கு, கிழக்குப் பக்கம் மூன்று பாகைதான் சாய்வு.

ஜெட் விமானம் மணிக்கு 830 கி.மீ. போகும் என்றால் 47 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டுமே?

தூரத்தை வேகத்தால் வகுப்பது பஸ்ஸுக்கே சரிவராது, விமானத்துக்குச் சொல்லவே வேண்டாம். இந்த வழியில் ஓடும் எயார்பஸ் ஏ320 வகை விமானம் ஒலியின் வேகத்தில் 78 வீதம், அதாவது மணிக்கு 830 கி.மீ. அளவில் பறப்பது மேலே சமநிலைக்கு வந்த பிறகுதான். 645 கி.மீ. பயணத்தில் அந்தச் சமநிலைப் பகுதி மிகவும் சிறியது.

35,000 அடிக்கு ஏற 20 நிமிடம் பிடிக்கும், அதற்குள் 200 கி.மீ. கடந்திருக்கும். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு வாய்பாடு உண்டு: ஒவ்வொரு 1,000 அடிக்கும் மூன்று கடல் மைல். 35,000 அடிக்கு 105 கடல் மைல், வேகம் குறைக்க மேலும் ஒரு பத்து. மொத்தம் 115 கடல் மைல், அதாவது 213 கி.மீ. ஆக, ஏற்றமும் இறக்கமும் 413 கி.மீ.யை விழுங்கிவிட, முழு வேகத்தில் பறக்க மிஞ்சுவது 230 கி.மீ.தான். அதற்கு 17 நிமிடம். தேநீர் வண்டி உங்கள் வரிசைக்கு வரும்போதே காது அடைக்கத் தொடங்குவது இதனால்தான்.

10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைல் என்ற வேக வரம்பு பொதுவாக உண்டு. கடைசிக் கட்டத்தில் அதைவிடவும் மெதுவாகத்தான் வருவார்கள். இவையெல்லாம் சேர்ந்து ஆகாயத்தில் ஒரு மணித்தியாலம்.

மீதி 20, 25 நிமிடம் தரையில் போகிறது. டிக்கெட்டில் உள்ள புறப்படும் நேரம் சக்கரம் மேலே எழும்பும் நேரம் அல்ல, விமானம் வாசலை விட்டுப் பின்னால் தள்ளப்படும் நேரம். வந்து சேரும் நேரம் மறுபக்கத்தில் வாசலில் நிறுத்தும் நேரம். இரண்டுக்கும் இடையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, இறங்கிய பின் மறுபடி ஊர்வது எல்லாம் அடக்கம். விமான நிறுவனங்கள் இதற்கு மேலும் ஐந்து, பத்து நிமிடம் கூட்டித்தான் அட்டவணை போடும். பத்து நிமிடம் பிந்தி வெளிக்கிட்ட விமானம் சொன்ன நேரத்துக்கே போய்ச் சேருவதன் இரகசியம் அதுதான். விமானி விரட்டி ஓட்டியதாக எண்ண வேண்டாம்.

ஒரே வழிதானே, ஒரு நாள் 58 நிமிடமும் இன்னொரு நாள் 1 மணி 10 நிமிடமும் எடுப்பது ஏன்?

காற்றுத்தான் காரணம் என்பார்கள். இந்த வழியில் அது பாதி உண்மை. மேல்வானக் காற்று இங்கே பெரும்பாலும் கிழக்கு மேற்காக வீசும், விமானமோ தெற்கு வடக்காகப் போகிறது. பக்கவாட்டுக் காற்று வேகத்தை அதிகம் கெடுக்காது.

வித்தியாசம் வருவது ஓடுபாதையில். கட்டுநாயக்கவில் இருப்பது 3,350 மீற்றர் நீளமான ஒரே ஓடுபாதை. அதன் இரு முனைகளுக்கும் 04, 22 என்று பெயர். அந்த எண்கள் திசைகாட்டிப் பாகையைப் பத்தால் வகுத்தவை: 04 என்றால் வடகிழக்கு நோக்கி 40 பாகை, 22 என்றால் தென்மேற்கு நோக்கி 220 பாகை. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்து எழும்பும். வடகீழ்ப் பருவக் காற்று வீசும்போது 04 வழியாக எழும்பினால் மூக்கு ஏற்கெனவே சென்னைப் பக்கம் இருக்கும், சற்றே இடப்பக்கம் திரும்பினால் போதும். தென்மேல் பருவத்தில் 22 வழியாகக் கடல் பக்கம் எழும்பி, பாதி வட்டம் சுற்றித்தான் வடக்கே திரும்ப வேண்டும். ஐந்து நிமிடம் அதிலே போய்விடும்.

சென்னைப் பக்கத்தில் வரிசை இருந்தால் வானிலே வளையமிட வைப்பார்கள். ஒரு வளையம் நான்கைந்து நிமிடம்.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை கிட்டத்தானே? அதற்கும் ஏன் ஒன்றேகால் மணித்தியாலம்?

பலாலியிலிருந்து சென்னை 355 கி.மீ., கட்டுநாயக்கவிலிருந்து உள்ளதில் பாதிக்குச் சற்றுக் கூட. ஆனால் அங்கே ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்ற சுழல்விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான், 25,000 அடிக்கு மேல் அது போகாது. தூரம் குறைந்த இலாபத்தை வேகம் குறைந்தது தின்றுவிடுகிறது.

அதற்காகப் பலாலியை வேண்டாம் என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்குத் தரைவழியே வர ஒரு முழு இரவு வேண்டும், விமானத்தில் மிச்சம் பிடிக்கும் பத்து நிமிடத்தை அதோடு ஒப்பிடவே முடியாது. வடக்கில் இருப்பவருக்குப் பலாலி, கொழும்பில் இருப்பவருக்குக் கட்டுநாயக்க. இரண்டுக்கும் நடுவே வவுனியாவில் இருப்பவர் பொதி எடையையும் டிக்கெட் விலையையும் பார்த்து முடிவெடுக்கலாம். சிறிய விமானங்களில் இலவசப் பொதி எடை குறைவாக இருக்கக்கூடும், டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள்.

பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 ஒக்டோபரில். ஆனால் இந்த வழி அதைவிடப் பழையது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதலாவது சேவையை டகோட்டா விமானத்தில் தொடங்கியபோதே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் மதராசுக்குப் போனது.

திருச்சி, மதுரைக்கு எவ்வளவு?

கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி சுமார் 417 கி.மீ., மதுரை சுமார் 353 கி.மீ. இரண்டுக்கும் அட்டவணை நேரம் ஒரு மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கும். தஞ்சாவூர், கும்பகோணம், வேளாங்கண்ணி போகிறவர்கள் பழக்கத்தில் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, அங்கிருந்து ஆறேழு மணித்தியாலம் தெற்கே திரும்பி வருவதைப் பார்க்கிறோம். திருச்சியில் இறங்குங்கள். இராமேஸ்வரத்துக்கு மதுரை.

சிங்கப்பூர், டுபாய், லண்டன்?

சிங்கப்பூர் சுமார் 2,750 கி.மீ., நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. கோலாலம்பூர் 2,470 கி.மீ. டுபாய் 3,290 கி.மீ., போகும்போது நாலரை மணித்தியாலத்தை ஒட்டி.

லண்டன் ஹீத்ரோ 8,700 கி.மீ. அங்கே போவதற்கும் வருவதற்கும் நேரம் ஒன்றல்ல. லண்டனிலிருந்து வர ஏறக்குறைய பத்தரை மணித்தியாலம், இங்கிருந்து போக பதினொன்றேகாலுக்கு மேல். வடக்கு அகலாங்குகளில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக்காற்று வரும்போது தள்ளிவிடும், போகும்போது மறிக்கும். குளிர்காலத்தில் அது இன்னும் பலமாக இருக்கும்.

இன்னொரு காரணம் அரசியல். கொழும்பையும் லண்டனையும் பூமி உருண்டையில் நூலால் இழுத்துக் கட்டினால் நூலின் நடுப்புள்ளி தெஹ்ரானுக்குப் பக்கத்தில் விழும். பிறகு நூல் கருங்கடலைத் தாண்டி உக்ரைனின் ஒடேசா பக்கமாகப் போகும். உக்ரைன் வான்பரப்பு 2022 பெப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. ஈரானைச் சுற்றிப் பதற்றம் வரும்போதெல்லாம் அதையும் தவிர்ப்பார்கள். 8,700 என்ற எண் மாறாது, விமானம் உண்மையில் பறக்கும் தூரம்தான் கூடும்.

கொழும்பு என்று தேடினால் இரண்டு விமான நிலையம் காட்டுகிறதே?

கட்டுநாயக்கவின் குறியீடு சி.எம்.பி. இரத்மலானையின் குறியீடு ஆர்.எம்.எல்., அதற்கும் கொழும்பு சர்வதேச விமான நிலையம் என்றுதான் பெயர். கல்கிசைக்கு அடுத்து இருப்பதால் வெள்ளவத்தைக்காரருக்கு அதுதான் கிட்ட. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 40 கி.மீ. இருக்கிறது, நடுவில் முழுக் கொழும்பும் கிடக்கிறது. உள்ளூர் விமானத்தில் இரத்மலானையில் இறங்கி அதே நாள் கட்டுநாயக்கவில் ஏற வேண்டுமென்றால் நடுவில் நான்கு மணித்தியாலமாவது விடுங்கள். எச்.ஆர்.ஐ. என்று கண்டால் அது மத்தளை, அம்பாந்தோட்டைப் பக்கம். விலை மலிவாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு எடுத்துவிட வேண்டாம்.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நேர வித்தியாசம் உண்டா?

இப்போது இல்லை. 1996இல் இலங்கை மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை முன்தள்ளியது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் மீண்டும் இந்திய நேரத்துக்கு வந்தது. அந்தப் பத்து வருடப் பழக்கத்தில் "அரை மணி கூட்டிப் பார்" என்று வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள், கேட்க வேண்டாம். சிங்கப்பூர் இரண்டரை மணித்தியாலம் முன்னே, டுபாய் ஒன்றரை பின்னே. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை பின்னே. டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம்.

நேர வித்தியாசத்தைவிட அதிகம் ஆளைக் கவிழ்ப்பது நடுச்சாம விமானம். 15ஆம் திகதி 00.40 என்று டிக்கெட் சொன்னால் 14ஆம் திகதி இரவு பத்து மணிக்கு முன் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். 15ஆம் திகதி இரவு போய் நிற்பவர்கள் மாதத்துக்கு மாதம் உண்டு. விமானம் அதற்கு முதல் நாள் இரவே போயிருக்கும்.

மதியம் 2 மணி விமானம். வெள்ளவத்தையிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்?

பின்னோக்கி எண்ணுங்கள். பொதி ஏற்கும் கருமபீடம் பொதுவாகப் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பு, அதாவது 1 மணிக்கு மூடும். வாசலில் பொதி ஸ்கேன், கருமபீட வரிசை, குடிவரவு, மறுபடியும் ஸ்கேன். அதற்காகத்தான் மூன்று மணித்தியாலம் முன்பு வரச் சொல்கிறார்கள், ஆக 11 மணிக்கு உள்ளே நிற்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க 40 கி.மீ. அளவு. பேலியகொடையில் தொடங்கும் 25.8 கி.மீ. அதிவேக நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் 25 நிமிடம் போதும். காலி வீதியையும் புறக்கோட்டையையும் தாண்டி அந்த நுழைவாயிலை அடைவதுதான் பெரிய பாடு, பாடசாலை நேரத்தில் அதற்கே ஒரு மணித்தியாலம் போகலாம். ஒன்பதேகாலுக்கு வாகனத்தில் ஏறுங்கள். கொட்டாஞ்சேனை என்றால் பத்து மணி போதும்.

187ஆம் இலக்க பஸ்ஸில் போகலாம், மலிவு. பெரிய பெட்டி இரண்டு இருந்தால் சரிவராது.

ஒரு மணித்தியாலம் பறப்பதற்கு வீட்டு வாசலிலிருந்து தி.நகர் வாசல் வரை ஏழு, எட்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

தாமதம் எப்போது வரும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். இந்த வழியில் ஒரே விமானம் போய், ஒரு மணித்தியாலம் நின்று, திரும்பி வரும். காலையில் 30 நிமிடம் பிந்தினால் அந்தப் பிந்தல் அடுத்தடுத்த பயணங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். முதல் விமானமே நேரத்துக்குப் போக வாய்ப்பு அதிகம். விமானங்களைத் தொடரும் செயலிகளில் உங்கள் விமான இலக்கத்தைப் போட்டு, அந்த விமானம் இப்போது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 4ஆர் என்று தொடங்கும் பதிவெண் இலங்கை விமானம், வி.டி. என்றால் இந்திய விமானம். உங்களை ஏற்ற வேண்டிய விமானம் இன்னும் சென்னையில் நிற்கிறது, உங்களுக்குப் புறப்பட ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது என்றால், அறிவிப்புப் பலகை என்ன சொன்னாலும் நேரத்துக்கு வெளிக்கிடாது.

பருவமும் உண்டு. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழையும் புயலும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது, 2023 டிசம்பர் 4ஆம் திகதி மிக்ஜாம் புயலிலும் மூடப்பட்டது. பலரும் மறந்துபோகும் ஒரு நாள் போகிப் பண்டிகை. பொங்கலுக்கு முதல் நாள் விடியற்காலையில் பழைய பாய், டயர் எல்லாம் எரிக்கும் புகை மார்கழிப் பனியோடு கலந்து ஓடுபாதையை மறைத்துவிடும். அன்று சென்னைக்குப் போகிறீர்கள் என்றால் மதிய விமானமாகப் பார்த்து எடுங்கள்.

கட்டுநாயக்கவில் இறங்க முடியாமல் போனால்?

புறப்படும்போதே அதற்கும் சேர்த்து எரிபொருள் ஏற்றியிருப்பார்கள்: போகுமிடம் வரை, அங்கிருந்து மாற்று விமான நிலையம் வரை, அதற்கும் மேல் 30 நிமிடம் வளையமிட. மாற்று இடமாக மத்தளை இருக்கும், நேர்கோட்டில் 170 கி.மீ. அல்லது திருவனந்தபுரம், மதுரை, இரண்டும் 355 கி.மீ. அளவு. அங்கே இறக்கினால் பெரும்பாலும் விமானத்துக்குள்ளேயே இருத்தி வைத்து, வானம் தெளிந்ததும் கொண்டுவருவார்கள்.

சென்னையிலிருந்து உள்ளூர் விமானம் பிடிக்க எவ்வளவு இடைவெளி வேண்டும்?

ஒரே டிக்கெட் என்றால் நிறுவனம் கொடுத்த இடைவெளியை நம்பலாம், தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் மூன்றரை மணித்தியாலத்துக்குக் குறைய எடுக்காதீர்கள். குடிவரவு முடித்து, பொதி எடுத்து, சுங்கம் தாண்டி, முனையம் மாறி மறுபடி பொதி கொடுக்க வேண்டும். தவறினால் டிக்கெட் காசு போனதுதான்.

தாமதத்துக்கு நட்டஈடு தூரத்தை வைத்துத்தான் தருவார்களா?

பிரித்தானியச் சட்டத்தில் அப்படித்தான். லண்டனிலிருந்து கொழும்புக்கு நேராக வரும் விமானம் நிறுவனத்தின் தவறால் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால், 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட தூரம் என்பதால் 520 பவுண். மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்டால் அதில் பாதி. விமானம் சுற்றிப் போனாலும் கணக்கு நேர்கோட்டுத் தூரம்தான். பிரித்தானியாவிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இது பொருந்தும். கொழும்பிலிருந்து புறப்பட்டால் பிரித்தானிய, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மட்டும். புயல், பனி காரணமென்றால் பணம் இல்லை, சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும்.

எந்தப் பக்கம் சன்னல் எடுக்கலாம்?

சென்னைக்குப் போகும்போது இடப்பக்கம், ஏ இருக்கை. புறப்பட்டுக் கால் மணித்தியாலத்துக்குப் பிறகு தயாராக இருங்கள். தெளிந்த நாளில் தலைமன்னாரிலிருந்து மேற்கே மணல்திட்டுத் திட்டாக ஆதாம் பாலம் நீண்டுபோவதும் அதன் முடிவில் தனுஷ்கோடியும் தெரியும். அதன் பிறகு கோடியக்கரை முனை, நாகப்பட்டினக் கரை. நேர்கோடு யாழ்ப்பாண நகருக்கு மேலேயே போகிறது, ஆனால் நேர் கீழே இருப்பது எந்தச் சன்னலிலும் தெரியாது. திரும்பி வரும்போது வலப்பக்கம், எப் இருக்கை. இறக்கைக்கு மேலே உள்ள வரிசைகளைத் தவிருங்கள்.